“ஜீப்பு” என்னும் பெயரும் காவல் வண்டியின் தெரிவும்: மட்டாஞ்சேரியை முன்வைத்து

கொச்சியின் மட்டாஞ்சேரியில் காவல் நிலையத்து வண்டிக்கு மக்கள் வழங்கும் பெயர் ஜீப்பு. வந்து நிற்பது மகிந்திரா நிறுவனத்தின் பொலேரோவாக இருந்தாலும், முன்பு ஓடிய டாடா சுமோவாக இருந்தாலும், பேச்சில் அது ‘போலீஸ் ஜீப்பு’தான். தமிழ்நாட்டு வழக்கும் இதுவே. ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர் பல நிறுவனங்களின் வண்டிகளுக்கும் பொதுப்பெயராகி, அரசதிகாரத்தின் அடையாளமாகவும் நிலைத்துவிட்டது. சொல்லின் பொருள் இப்படி விரிந்ததற்குப் பின்னால் ஒரு பொருளியல் வரலாறு இருக்கிறது. நெடுங்காலம் காவல் நிலையங்களுக்கு வாங்கக் கிடைத்த வண்டி அநேகமாக அந்த ஒன்றாகவே இருந்தது.

இன்று நிலைமை வேறு. சந்தையில் பல நிறுவனங்கள், பல வகைகள், பல விலைகள். அப்படியானால் காவல்துறை எந்த நிறுவனத்தின் வண்டியை வாங்குவது என்ற முடிவு எந்தக் கட்டத்தில் எடுக்கப்படுகிறது? ஒப்பந்தப்புள்ளி திறக்கப்படும் நாளில், விலை ஒப்பீட்டில் என்பதே பொதுவான எண்ணம். கொள்முதல் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், அந்த நாளுக்கு வெகு முன்னரே, தொழில்நுட்ப விவரக்குறிப்பு எழுதப்படும்போதே, முடிவின் பெரும்பகுதி எழுதப்பட்டுவிடுகிறது என்பது புலனாகும். மட்டாஞ்சேரி போன்ற ஊரின் காவல் நிலையத்துக்கு எத்தகைய வண்டி கிடைக்கிறது, கிடைக்காமல் போகிறது என்பதும் அந்தத் தாளைப் பொறுத்ததே.

வண்டிக்கு முந்தைய ஊர்

மட்டாஞ்சேரியின் காவல் வரலாறு இரு நிருவாகங்களின் எல்லையில் தொடங்குகிறது. 1663இல் டச்சுக்காரர் வசமும் 1795இல் ஆங்கிலேயர் வசமும் வந்த கோட்டைக் கொச்சி, பிரித்தானிய ஆட்சியில் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதை ஒட்டியிருந்த மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானத்துக்கு உரியது. சில தெருக்கள் தாண்டினால் சட்டமும் காவலரின் மேலதிகாரமும் மாறிய நிலப்பரப்பு அது.

நிலவியலும் சக்கரங்களுக்கு இணக்கமாக இல்லை. சமஸ்தான நிருவாகத்தின் மையமான எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வர வேண்டுமானால் காயலைப் படகில் கடக்க வேண்டும். 1920இல் கொச்சிக்கு வந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் காலத்தில் தூர்வாரிய மண்ணால் வில்லிங்டன் தீவு உருவாயிற்று. 1930களின் இறுதியிலும் 1940களின் தொடக்கத்திலும் அத்தீவை இருபுறமும் கரையோடு இணைத்த பாலங்கள் எழுந்த பின்னரே எர்ணாகுளத்துக்கும் மேற்குக் கொச்சிக்கும் இடையே மோட்டார் வண்டி தொடர்ந்து ஓட வழி பிறந்தது. காவல் வண்டி என்ற கருத்தே இவ்வூருக்கு இந்தப் பாலங்களின் பின்வரவு எனலாம்.

1949 ஜூலை 1இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றிணைந்தன. 1956 நவம்பர் 1இல் கேரள மாநிலமும் அதன் காவல்துறையும் உருவாயின. 1967இல் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி நகராட்சிகள் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தன. தனித்தனிக் கிடங்குகளும் கணக்குகளும் கொண்டிருந்த நிருவாகங்கள் ஒன்றாகிய இந்த இருபது ஆண்டுகளே இந்தியக் காவல்துறையில் ஜீப்பு நிலைபெற்ற காலமும் ஆகும்.

பெயர் வந்த வழி

ஜீப் என்ற சொல்லின் பிறப்பு இன்றும் தீராத வழக்கு. இராணுவ வகைப்பாட்டு எழுத்துகளான ‘ஜி.பி.’ விரைந்து ஒலிக்கப்பட்டதால் வந்தது என்பர் ஒரு சாரார். 1936இல் பாப்பாய் படக்கதையில் தோன்றிய ‘யூஜின் த ஜீப்’ என்னும் விந்தை விலங்கின் பெயர் என்பர் மற்றொரு சாரார். இரண்டாம் உலகப் போர் அந்தப் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. 1950இல் வில்லிஸ் நிறுவனம் அமெரிக்காவில் அதைப் பதிவுபெற்ற வணிகக்குறியாக்கியபோது, படைவீரரின் பேச்சில் அது ஏற்கெனவே பொதுப்பெயராகியிருந்தது.

இந்தியாவில் 1945இல் மகிந்திரா அண்டு முகம்மது என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 1948இல் மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் மாறிய நிறுவனம், 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளின் உதிரிப்பாகங்களைத் தருவித்துப் பம்பாயின் மசகானில் பொருத்தத் தொடங்கியது. பின்னர் படிப்படியாக உள்நாட்டிலேயே அவற்றைச் செய்தது. அதே காலத்தில் நடுவண் அரசின் கொள்கையும் மாறிற்று. முழுமையாகச் செய்து முடித்த கார்களின் இறக்குமதி 1949இல் தடுக்கப்பட்டது. உள்நாட்டு உற்பத்தித் திட்டம் உடைய நிறுவனங்களே தொடரலாம் என்ற 1953ஆம் ஆண்டுச் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை அடுத்து, பாகங்களைப் பொருத்துவதோடு நின்றிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டு அகன்றன. எஞ்சியவை சில பெயர்களே: இந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு, கரடுமுரடான பணிக்கு மகிந்திரா.

இத்தகைய சந்தையில் ‘தெரிவு’ என்பது பெயரளவிலானது. உயர் அலுவலருக்கு அம்பாசடர், நிலையத்துக்கு ஜீப்பு என்ற பகுப்பு நாடெங்கும் நிலைத்தது. அம்பாசடரின் உற்பத்தி 1957இல் தொடங்கி 2014 வரை நீடித்தது. ஆக, இரண்டு வண்டிகளே ஒரு துறையின் படிநிலையைத் தெருவில் செல்வோருக்கும் காட்டிக் கொடுத்தன. வெள்ளை அம்பாசடர் வந்தால் மேலதிகாரி. ஜீப்பு வந்தால் நிலையத்து ஆள்.

மலையாள மக்கள் வழக்கில் இதற்கு இணையாக இன்னொரு சொல்லும் உண்டு: இடிவண்டி. காவலரின் பெரிய வேனைக் குறிக்கும் இச்சொல்லில் ‘இடி’ என்பதற்கு அடி, குத்து என்று பொருள். தமிழர் காதில் வானத்து இடியாக ஒலிக்கும் அச்சொல், மலையாளத்தில் காவலரின் கைமுட்டியைச் சொல்கிறது. மட்டாஞ்சேரி இதை நூல்வழி அறிந்த ஊர் அன்று. கூலிக்கு ஆள் எடுக்க உலோக வில்லைகளை வீசியெறியும் ‘சாப்பா’ முறையை எதிர்த்துத் துறைமுகத் தொழிலாளர் போராடியபோது, 1953 செப்டம்பர் 15இல் இங்குக் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. அந்தப் போராட்டத்தில் மூவர் உயிரிழந்தனர். எந்த நிறுவனத்தின் வண்டி என்பதை மக்கள் கவனிப்பதில்லை. வண்டி எதற்காக வருகிறது என்பதையே கவனிக்கிறார்கள். ஜீப்பு, இடிவண்டி ஆகிய இரு சொற்களில் ஒன்று விற்பவரின் பெயரால் அமைந்தது. மற்றொன்று பட்டவரின் அனுபவத்தால் அமைந்தது.

பட்டியலின் காலம்

விடுதலை பெற்ற இந்தியா சந்தித்த முதல் பெரிய கொள்முதல் சர்ச்சையே ஜீப்பைப் பற்றியது என்பது நினைக்கத்தக்கது. 1948இல், காஷ்மீர்ப் போரின் சூழலில், இலண்டனில் இந்திய உயர் ஆணையராக இருந்த கோழிக்கோட்டுக்காரர் வி. கே. கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறைகளைத் தவிர்த்து, இராணுவத்துக்கு ஜீப்புகள் வாங்க ஓர் அயல்நாட்டு நிறுவனத்தோடு ஏறத்தாழ 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தார். பணத்தின் பெரும்பகுதி முன்னரே செலுத்தப்பட்டது; வந்து சேர்ந்தவை 155 வண்டிகள் மட்டுமே. நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விகளுக்குப் பின்னர், 1955இல் அரசு அவ்விவகாரத்தை முடித்துக்கொண்டது. அவசரம், தனி முடிவு, முன்பணம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு அது நெடுங்காலம் மேற்கோளாக விளங்கியது.

இத்தகைய ஐயங்களுக்கு ஒரு விடையாக அமைந்தது நடுவண் கொள்முதல் முறை. வழங்கல் மற்றும் தீர்வு தலைமை இயக்ககம், வண்டி செய்யும் நிறுவனங்களோடு பேசி, ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு காலவரைக்கான விலையை உறுதிசெய்தது. இதற்கு விலை ஒப்பந்தம் என்று பெயர். அரசுத் துறைகள் தனியே ஒப்பந்தப்புள்ளி கோராமல் அந்த விலையில் நேரே ஆணை கொடுக்கலாம். பட்டியலில் ஒரே வகையைச் சேர்ந்த பல நிறுவனங்களின் மாதிரிகள் இருந்தால், அவற்றுள் எதை எடுப்பது என்பதைத் துறையே முடிவு செய்யும்.

இம்முறையின் ஒரு கூறு நோக்கத்தக்கது. பட்டியலில் நிறுவனப் பெயரும் மாதிரிப் பெயரும் வெளிப்படையாக இருந்தன. வாங்கும் அலுவலர் பெயரைச் சொல்லியே வாங்கினார். விலையைப் பற்றிய ஐயம் குறைந்தது. ஏன் இந்தப் பெயர் என்ற கேள்வி மட்டும் கோப்புக் குறிப்பில் தங்கிற்று. 1969-70 முதல் நடுவண் உள்துறை அமைச்சகம் நடத்திவரும் காவல்படைகளை நவீனமாக்கும் திட்டத்தில் வண்டிகளும் ஒரு முதன்மைச் செலவினம். அத்திட்டத்தின் நிதியும் விலை ஒப்பந்தப் பட்டியலும் சேர்ந்து, மாநிலக் காவல்துறைகளின் வண்டிக் கூட்டத்தை ஏறத்தாழ ஒரே முகமுடையதாக்கின.

1990களில் சந்தை விரிந்தது. 1994இல் டாடா சுமோ, 2000இல் பொலேரோ, 2002இல் ஸ்கார்பியோ, 2005இல் டொயோட்டா இன்னோவா என வரிசையாக வந்த வண்டிகள் காவல்துறைகளின் கொட்டகைகளிலும் இடம் பிடித்தன. விலை ஒப்பந்த முறையும் நிலைக்கவில்லை. 2016இல் அரசு மின்சந்தை தொடங்கப்பட்டது. 2017 அக்டோபர் 31இல் வழங்கல் மற்றும் தீர்வு தலைமை இயக்ககம் மூடப்பட்டது. பட்டியலில் பெயரைப் பார்த்து ஆணை கொடுத்த காலம் முடிந்தது. என்ன தேவை என்பதை வருணித்து, அதற்குப் பொருந்துவனவற்றுள் குறைந்த விலையை ஏற்கும் முறையே பொது விதியாயிற்று.

வருணனை பெயராகும் விதம்

நன்னூல் மரபு பெயர்ச்சொற்களை இடுகுறி, காரணம் என இரண்டாகவும், அவை ஒவ்வொன்றையும் பொது, சிறப்பு என இரண்டாகவும் பகுக்கும். ‘மரம்’ இடுகுறிப் பொதுப்பெயர்; ‘பனை’ இடுகுறிச் சிறப்புப்பெயர். ‘பறவை’ பறப்பன எல்லாவற்றுக்கும் உரிய காரணப் பொதுப்பெயர். ‘மரங்கொத்தி’ காரணத்தால் அமைந்தும் ஒன்றையே சுட்டும் காரணச் சிறப்புப்பெயர். கொள்முதல் ஆவணங்களை வாசிக்க இந்தப் பழைய பகுப்பு பெரிதும் உதவும்.

பொதுக் கொள்முதல் நெறி, விவரக்குறிப்பில் நிறுவனப் பெயர் வேண்டாம், தேவையான பண்புகளைச் சொன்னால் போதும் என்கிறது. அதாவது, இடுகுறிச் சிறப்புப்பெயரை விலக்கிக் காரணப் பொதுப்பெயரால் எழுதச் சொல்கிறது. ‘பொலேரோ வேண்டும்’ என்று எழுதக்கூடாது. ‘ஏழு பேர் அமரக்கூடிய, டீசல் எஞ்சின் உடைய, ஏணிச் சட்டகத்தின் மேல் உடல் பொருத்தப்பட்ட பயன்பாட்டு வண்டி’ என்று எழுதலாம். நோக்கம் போட்டியைத் திறப்பது.

காரணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன ஆகும்? தரையிலிருந்து உயரம் இவ்வளவு, நீளம் இதற்கு மிகாமல், எஞ்சின் கொள்ளளவு இதற்குக் குறையாமல், பின்சக்கர இயக்கம், பின்பகுதியில் எதிரெதிர் இருக்கை என்று ஒவ்வொரு வரியும் சில நிறுவனங்களை வெளியே தள்ளும். ஒரு கட்டத்தில் வருணனைக்குப் பொருந்துவது ஒரே வண்டியாக நின்றுவிடும். பறவை என்று தொடங்கிய வாக்கியம் மரங்கொத்தியில் வந்து முடியும். பெயர் எழுதப்படவில்லை, ஆயினும் பெயர் சொல்லப்பட்டுவிட்டது. அதன்பின் நடக்கும் விலை ஒப்பீடு ஒரு சடங்கு.

இது எப்போதும் முறைகேடு ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2020களின் தொடக்கத்தில் கேரளக் காவல்துறை நாற்பதுக்கும் மேற்பட்ட ஃபோர்ஸ் கூர்க்கா வண்டிகளை வாங்கியது. மலைப்பகுதி நிலையங்களையும் மாவோயிஸ்ட் நடமாட்டம் உள்ளதாகக் கருதப்பட்ட பகுதிகளையும் கருதிச் செய்யப்பட்ட கொள்முதல் அது. நான்கு சக்கர இயக்கம், இருபுற அச்சுகளிலும் பூட்டும் வசதி, எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய் ஆகியவை அவ்வண்டியின் இயல்புகள். இவற்றையெல்லாம் உண்மையான தேவையென எழுதினால், இந்தியச் சந்தையில் அந்த விலைக்குள் நிற்பவை ஓரிரு வண்டிகளே. வயநாட்டின் அல்லது இடுக்கியின் காட்டுப்பாதையே அங்கு விவரக்குறிப்பை எழுதியது எனலாம். காரணம் நிலத்தில் இருந்தால் சிறப்புப்பெயரும் நியாயமானதே. காரணம் வேறெங்கோ இருக்கும்போதுதான் கேள்வி எழுகிறது.

தணிக்கை காட்டியது

அந்தக் கேள்வியை 2020 பிப்ரவரியில் கேரளச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்காயர் மற்றும் தணிக்கைத் தலைவரின் அறிக்கை எழுப்பியது. 2018 மார்ச்சில் முடிந்த காலத்தைப் பற்றிய அவ்வறிக்கை, நவீனமாக்கல் திட்டத்தின்கீழ் வாங்கப்பட்ட இலகுரக வண்டிகளில் ஏறத்தாழ 15 விழுக்காடு உயர் அலுவலர்களும் களப்பணி அல்லாத பிரிவுகளும் பயன்படுத்திய சொகுசுக் கார்கள் என்றது. மறுபுறம், சில காவல் நிலையங்களில் இலகுரக வண்டி ஒன்றுகூட இல்லை. பல நிலையங்கள் ஒரே வண்டியை வைத்துக் காலம் தள்ளின. குண்டு துளைக்காத இரண்டு வண்டிகள் திறந்த ஒப்பந்தப்புள்ளி இன்றி வாங்கப்பட்டதையும் அறிக்கை குறைகூறியது. அவ்வறிக்கை அரசியல் களத்தில் பெரும் விவாதமாயிற்று. அரசுத் தரப்பு அதன் பல கண்டறிதல்களை ஏற்கவில்லை.

விவாதம் பெரும்பாலும் தனியாட்களைச் சுற்றியே நடந்தது. அமைப்பு பற்றிய செய்தி அதில் மறைந்துபோயிற்று. நவீனமாக்கல் நிதி என்ற ஒரே தலைப்பின்கீழ் நிலையத்து வண்டியும் தலைமை அலுவலகத்துக் காரும் வருகின்றன. இரண்டுக்கும் விவரக்குறிப்பு எழுதுவோர் தலைமையகத்தைச் சேர்ந்தோர். தம் வண்டியைப் பற்றி எழுதும்போது அவர்களுக்குத் தேவை நேரடியாகத் தெரியும். நிலையத்து வண்டியைப் பற்றி எழுதும்போது அது கேள்வி ஞானமாக இருக்கும். அம்பாசடரும் ஜீப்புமாகப் பிரிந்திருந்த அந்நாளைய படிநிலை, சந்தை விரிந்த பின்னரும் அழியவில்லை. சந்தை அதற்கு இன்னும் பல படிகளைக் கொடுத்தது, அவ்வளவே.

நீரிலும் இதே நிலை. 2005இல் தொடங்கிய கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தின் முதற்கட்டத்தில் கடலோர மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் 204 இடைமறிப்புப் படகுகள் வழங்கப்பட்டன. கொல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்திலும் கோவாக் கப்பல் தளத்திலும் கட்டப்பட்ட அவை, கடலோரக் காவல் நிலையங்களுக்கு நடுவண் முடிவாகவே வந்து சேர்ந்தன. தன் ஊரிலேயே கப்பல் கட்டும் தளம் வைத்திருக்கும் கொச்சியின் காவலருக்கும் அந்தத் தெரிவில் பங்கில்லை. படகைச் செலுத்துபவர் ஒருவர், அதன் பண்புகளை வரையறுத்தவர் வேறொருவர்.

பிற நாடுகளில்

இந்தச் சிக்கல் கேரளத்துக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியில் பவேரிய மாநிலக் காவல்துறை பி.எம்.டபிள்யூ., ஆடி கார்களைப் பெரிதும் பயன்படுத்துகிறது. கீழ்ச் சாக்சனியில் ஃபோக்ஸ்வாகன் மிகுதி. அந்நிறுவனங்களின் தலைமையிடங்கள் அந்தந்த மாநிலங்களில் இருப்பதும், ஃபோக்ஸ்வாகனில் கீழ்ச் சாக்சனி அரசே 20 விழுக்காடு வாக்குரிமை வைத்திருப்பதும் தற்செயல் அல்ல. உள்ளூர்த் தொழிலைத் தாங்குவது அங்கே சொல்லப்படாத ஒரு காரணமாக நிற்கிறது. சென்னையின் ரோந்துப் பணியில் ஹூண்டாய் ஆக்ஸண்ட் கார்கள் ஓடிய காலத்தை நினைத்துப் பார்க்கலாம். அவை இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்பட்டவை.

கேரளத்தில் அப்படியொரு கார் ஆலை இல்லை. 1978இல் அராலும்மூட்டில் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான கேரளா ஆட்டோமொபைல்ஸ் முச்சக்கர வண்டிகளையே செய்தது. சொந்த மண்ணின் தொழிலைக் காக்கும் கடமை இங்கே வண்டித் தெரிவை அழுத்துவதில்லை. ஆகவே, பயன்பாட்டை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் வாய்ப்பு கேரளத்துக்குப் பிற மாநிலங்களைவிட மிகுதியாகவே உண்டு. அந்த வாய்ப்பு பயன்படுத்தப்பட்டதா என்பதே கேள்வி.

அதற்கு ஒரு முன்மாதிரி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் காவல்துறையிடம் இருக்கிறது. கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் அம்மாநிலத்தில்தான் இருக்கிறது. ஆயினும் 1970கள் தொட்டு அத்துறை, அவ்வாண்டின் காவல் வண்டிகளை ஓட்டப்பாதையில் செலுத்தி, வேகமெடுப்பு, தடுப்பாற்றல், எரிபொருள் செலவு, ஓட்டுநருக்கும் கருவிகளுக்குமான வசதி ஆகியவற்றை அளந்து, முடிவுகளை ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. எந்த வண்டியை வாங்க வேண்டும் என்று அவ்வறிக்கை சொல்வதில்லை. எந்தப் பண்புக்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஒவ்வொரு துறையும் தன் பணிக்கேற்ப முடிவுசெய்துகொள்ளலாம். சிற்றூர்க் காவல்துறையும் அந்த அளவீட்டை எடுத்துப் பயன்படுத்தலாம்; பத்திரிகையாளரும் அதைக் கொண்டு கேள்வி கேட்கலாம். காரணங்கள் வெளியே வைக்கப்படுவதால் பெயரைப் பற்றிய ஐயம் குறைகிறது.

மட்டாஞ்சேரிக்கான விவரக்குறிப்பு

மட்டாஞ்சேரியின் கோணத்திலிருந்து ஒரு விவரக்குறிப்பை எழுதிப் பார்த்தால் என்ன வரும்? காயலை ஒட்டி ஓடும் பஜார் சாலையின் இருமருங்கிலும் பழைய கிடங்குகள். மிளகும் இஞ்சியும் அரிசியும் ஏற்றி இறக்கும் லாரிகள் பாதி வழியை அடைத்து நிற்கும். யூதத் தெருவில் சுற்றுலாப் பயணிகளின் நெரிசல். எனவே முதல் தேவை குறைந்த அகலமும் சிறிய திரும்பு வட்டமும். காட்டுப்பாதைக்கான நான்கு சக்கர இயக்கம் இங்கே வீண் செலவு.

இரண்டாவது தேவை உப்புக்காற்றைத் தாங்கும் அடிப்பாகம். கடலோர ஈரத்தில் தகடும் சட்டகமும் விரைவில் துருப்பிடிக்கும். 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற நடுவண் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த வரம்பு எல்லா ஊருக்கும் ஒன்றே. கடலோரத்து வண்டி அதற்கு முன்னரே தேய்ந்துவிடும் என்பதைக் கொள்முதல் விலை காட்டுவதில்லை. வாங்கும் விலை ஒன்றையே ஒப்பிடும் முறையில் பராமரிப்பும் எரிபொருளும் உதிரிப்பாகமும் கணக்குக்கு வெளியே நின்றுவிடுகின்றன. பொலேரோ போன்ற வண்டிகள் நிலையங்களில் நிலைத்ததற்கு அவற்றின் எளிய அமைப்பும் எங்கும் கிடைக்கும் உதிரிப்பாகமும் எந்தப் பணிமனையிலும் பழுது நீக்கக்கூடிய தன்மையும் காரணங்கள். அக்காரணங்கள் விவரக்குறிப்பில் எண்களாக வருவது அரிது. ஓட்டுநர் காவலரின் அறிவில் மட்டும் அவை இருக்கின்றன.

மூன்றாவது தேவையைப் பற்றிக் கொள்முதல் ஆவணங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. நிலையத்து வண்டியில் காவலர் மட்டும் பயணிப்பதில்லை. விபத்தில் அடிபட்டவர், புகார் கொடுக்க வந்த பெண், வழிதவறிய முதியவர், கைதானவர் ஆகியோரும் அதே பின்னிருக்கையில்தான் ஏற்றப்படுகிறார்கள். எதிரெதிராக அமைந்த குறுகிய பலகை இருக்கையில், இருக்கைப் பட்டையோ கைப்பிடியோ இல்லாமல், விலங்கிட்ட கைகளோடு அமர்ந்திருப்பவரின் பாதுகாப்பு எந்த நிறுவனத்தின் விற்பனைத் தாளிலும் இடம்பெறாது. அரசின் காவலில் இருப்பவரின் உயிருக்கு அரசே பொறுப்பு என்பது சட்டத்தின் அடிப்படை. இடிவண்டி என்ற சொல்லை உருவாக்கிய மக்கள் வண்டியை உள்ளிருந்து பார்த்தவர்கள். விவரக்குறிப்பு எழுதுவோர் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததற்கான தடயம் அரிதாகவே தென்படுகிறது.

இத்தேவைகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால், மட்டாஞ்சேரிக்கும் மலைநாட்டுக்கும் தலைமையகத்துக்கும் மூன்று வேறு வருணனைகள் வேண்டும் என்பது தெளிவு. அவற்றை எழுதும்போது நிலைய அலுவலரையும் ஓட்டுநர் காவலரையும் கேட்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒப்பந்தப்புள்ளிக்கு முன்னரே வரைவு விவரக்குறிப்பை வெளியிட்டு, ஒவ்வொரு வரிக்கும் காரணம் கூறினால், மரங்கொத்தியைத் தேடி எழுதிய வாக்கியம் எது, பறவையைத் தேடி எழுதியது எது என்பதை யாரும் கண்டுகொள்ளலாம். தணிக்கை வண்டி வாங்கி ஆண்டுகள் கழித்தே வருகிறது; இந்த வாசிப்பு வாங்குவதற்கு முன்பே நிகழக்கூடியது.

காவல் வண்டியின் நிறுவனம் எது என்ற கேள்வியைக் கார் ஆர்வலரின் பொழுதுபோக்காக ஒதுக்கிவிட இயலாது. தேர்வில்லாத காலத்தில் ஒரு வணிகப்பெயர் பொதுப்பெயராயிற்று. தேர்வு மிகுந்த காலத்தில் பொதுப்பெயர்களின் அடுக்கு வணிகப்பெயரை மறைத்து வைக்கிறது. இரு காலங்களிலும் மட்டாஞ்சேரி நிலையத்து வாசலில் நிற்கும் வண்டியை அந்நிலையம் தெரிவு செய்ததில்லை. அது எந்தத் தாளில், எந்தக் காரணங்களால் தெரிவு செய்யப்பட்டது என்பதை வாசிக்கக் கேட்பது, வரி செலுத்துவோருக்கும் அந்தப் பின்னிருக்கையில் என்றேனும் அமர நேரக்கூடியோருக்கும் உள்ள உரிமை.